குகை வண்டுக்கு என் பெயர் வேண்டாம்

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அதை வெட்டிவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால் நீ மிச்சத்தைத் தள்ளிப் போடுவாய். அம்மாதானே, ஆறுதலாக வாசிக்கலாம் என்று மேசையில் வைப்பாய். பிறகு மறந்துபோச்சு என்பாய். அதனால்தான் இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கும், உன்னோடு வேலை செய்பவர்களுக்கும், கொட்டாஞ்சேனையில் உனக்குப் பெண் தருகிறவர்களுக்கும் ஆள் யாரென்று விளங்கும். விளங்கட்டும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன்பே உன் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சுக்குப் போகிறது. நீ புதிதாகக் கண்டுபிடித்த குகை வண்டுக்கு அந்தக் கட்டுரையில் என் பெயரை வைத்திருக்கிறாய். வரவேற்பு நாளன்று கொட்டாஞ்சேனை மண்டபத்தில் வண்டின் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, இது என் அம்மாவின் பெயர் என்று சொல்லப் போகிறாயாம். உனக்கு மாமியாராக வரப்போகிறவர் தொலைபேசியில் இதைச் சொல்லி அழுதேவிட்டார். “இப்பிடி ஒரு பிள்ளையைப் பெற நீங்கள் என்ன தவம் செய்தனீங்களோ” என்று கேட்டார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பெயரை எடுத்துவிடு. எடுத்துவிட்டு, அந்த வண்டுகளுக்கு என்ன நடந்தது என்று அதே கட்டுரையில் ஒரு பந்தி எழுது. இந்த இரண்டையும் கேட்கத்தான் இந்தக் கடிதம். பெயர் ஒருமுறை அச்சில் வந்துவிட்டால் வைத்தவனே நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். ஆகவே அவகாசம் அதிகம் இல்லை.

கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழகத்தைப் பூட்டியபோது நுணுக்குக்காட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாய். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் உன் குப்பிகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏறின. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வரவு செலவை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிற பழக்கம் மட்டும் உண்டு. அதைப் பார்த்துத்தான், எந்த வண்டு குகையின் எந்த அறையில் பிடிபட்டது என்று பதியும் வேலையை என்னிடம் தந்தாய். பதிகிறவள் பார்க்காமல் இருப்பாளா? ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்த நேரம் கண்ணை வைத்துப் பார்த்தேன். பறக்கத் தெரியாத, நிலத்தில் மட்டும் ஓடுகிற வண்டு. பால் விடாத பிளேன்ரீயின் நிறம். இருட்டிலேயே பரம்பரை பரம்பரையாகக் கிடந்ததில் கண் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, காலும் உணர்கொம்பும் நீண்டிருந்தன. எனக்கு அது அருவருப்பாக இருக்கவில்லை. கண் இல்லாத ஒன்றுக்கும் வழி தெரியும்படி படைத்திருக்கிறானே என்று கையெடுத்தேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்று சிரித்தாய்.

“அம்மா கரப்பானையும் கும்பிடத் தொடங்கியிட்டா.”

“இது கரப்பான் இல்லை எண்டு எனக்குத் தெரியும். நீ உன்ர துவாயை ஒழுங்காக் காயப்போடு.”

அதற்குப் பிறகு நீயாகவே காட்டித் தந்தாய். ஓடைக்கு இந்தப் பக்கத்துக் குகையில் ஒரு வண்டு, அந்தப் பக்கத்துக் குகையில் ஒரு வண்டு. மேலே பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. நிறம் ஒன்று, நீளம் ஒன்று. முதலில் தலையைப் பார்க்க வேண்டும் என்றாய். கண் இருக்கும் இடத்துக்கு மேலே நீளமான உணர்மயிர் நிற்கும். ஒன்றில் பக்கத்துக்கு ஒன்று, மற்றதில் இரண்டு. குப்பியில் கிடந்து மயிர் உதிர்ந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். மயிரை எண்ணக் கூடாது அம்மா, அது முளைத்த குழியை எண்ண வேண்டும். மயிர் போனாலும் குழி போகாது என்றாய். அதையும் முழுதாக நம்பக் கூடாதாம். கடைசித் தீர்ப்பு ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து உள்ளே இருக்கும் ஆண்குறியை எடுத்துப் பார்த்த பிறகுதான். நான் எழும்பிப் போய் சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

“அம்மா, முருகன் இதைவிட எவ்வளவோ பார்த்தவர்.”

“வாயைக் கழுவு.”

ஆனால் பார்த்தேன். ஒன்றின் நுனி மழுங்கி நேராக இருந்தது. மற்றதன் நுனி தோட்டுக் கொளுக்கி மாதிரி வளைந்திருந்தது. வெளியே இம்மியும் வித்தியாசம் தெரியாத இரண்டு உயிர்கள், உள்ளே இப்படி வேறாக இருந்தன. பெண் வண்டுகளில் அந்த அடையாளம் இல்லாததால் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதி வேறொரு குப்பியில் போட்டோம். ஒரு தரம் மிகவும் வெளிறிய ஒன்றை எடுத்து, இது மூன்றாவது இனம் என்று பெருமையோடு ஒதுக்கி வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அது இப்போதுதான் தோலுரித்து வெளியே வந்தது, இன்னும் இறுகவில்லை, இறுகினால் நிறம் வரும் என்றாய். அந்த மாதங்களில் இந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போதெல்லாம் உன்னோடு நிலூஃபாவும் வருவாள். தெஹிவளைப் பிள்ளை, உனக்குச் சமமாகப் படித்தவள், உன்னோடு ஒரே வேலை. கொளுக்கி நுனி உள்ள வண்டு உலகத்தில் வேறெங்கும் பதிவில் இல்லை என்பது தெரிந்ததும் நீ துள்ளினாய். ஆனால் கையில் இருந்தவை கொஞ்ச ஆண் வண்டுகள்தான். இன்னும் நிறைய வேண்டும், கொளுக்கி ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று காட்டினால்தான் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றாய். நிலூஃபா, உள்ளது போதும் என்றாள். “அது அந்த ஒரு அறையிலதான் ஈக்கிது. அவசரப்பட்டு அள்ள வேணாம்” என்றாள். நீ கேட்கவில்லை. நான் கழுவி அடுக்கி வைத்திருந்த யோகட் கோப்பைகளைக் கேட்டு வாங்கினாய். அவற்றைக் குகையின் தரையில் விளிம்பு மண்ணோடு மண்ணாக இருக்கும்படி புதைத்து, உள்ளே திரவம் ஊற்றி, மேலே கருவாட்டுத் துண்டு கட்டினால் மணத்துக்கு ஓடி வருகிற வண்டு விழுந்துவிடும். கருவாட்டை முகத்துவாரம் சந்தையில் வாங்கினாய். சைவச் சமையலறைக்குள் அது வரக் கூடாது என்பதற்காகப் பல்கனியில் தொங்கவிட்டேன். ஒரு கிழமைக்குள் கோப்பைகளை எடுத்துவிட வேண்டும், விட்டால் விழுந்துகொண்டே இருக்கும் என்று நீயே சொன்னாய். புறப்படும்போது வழக்கம் போல நெற்றியைக் காட்டினாய். நான் திருநீறு பூசிவிட்டேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் பூசிய அதே விரலால் பூசினேன். என் திருநீற்றோடுதான் நீ அந்தப் பொறிகளை வைத்தாய்.

அந்தக் கிழமை முடியும்போது கந்தசஷ்டி தொடங்கியது. நான் விரதம். நீ ஹெந்தளைக் கடற்கரையில் கலியாணப் படம் எடுக்கப் போனாய். உனக்கு வெள்ளை வேட்டி, கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குச் சிவப்புச் சேலை, படம் பிடிக்க மூன்று பேர். படங்களை எனக்கு அனுப்பினாய், அழகாகத்தான் இருந்தன. அடுத்த நாள் புறக்கோட்டையில் சேலை பார்த்தாய். அதற்கடுத்த நாள் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நான் எதையும் தடுக்கவில்லை. குகைக்குப் போ என்றும் போகாதே என்றும் சொல்லவில்லை. கோப்பைகளை எடுத்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை நிலூஃபா வந்தாள். தனியாக வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை. பிறகு சொன்னாள்:

“நான் கோவிச்சிக்கிட்டு வரல்ல ஆன்டி. நோன்பு காலத்தில எங்கட உம்மாவும் சில விஷயம் செய்ய வேணாம் எண்டு செல்லுவாங்க. எனக்கு விளங்குது. ஆனா நீங்க ஒரே ஒரு நாள் விட்டிருந்தா…”

“என்னத்தை விட்டிருந்தா பிள்ளை?”

“குகைக்குப் போக. சஷ்டி முடியுமட்டும் உயிர் கொல்ற வேலைக்குப் போக மாட்டேன் எண்டு நீங்க மகன்ட்ட சத்தியம் வாங்கினீங்களாம். பிறகு மழை எண்டார். அதுக்குப் பிறகு ஃபோன எடுக்கவே இல்ல. அனுமதிக் கடிதம் அவர்ட பேர்ல, எனக்குத் தனிய உள்ளுக்குப் போக ஏலா. போன கிழமைதான் கெஞ்சி வேற கடிதம் எடுத்துப் போனேன்.”

“நான் ஒரு சத்தியமும் வாங்கேல்லைப் பிள்ளை.”

அவள் டின்னை மடியில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு, “நீங்க அத செல்லாம இருந்திருக்கலாம் ஆன்டி. உங்களோட கோவமா இருந்தது லேசா இருந்திச்சி” என்றாள்.

டின்னைத் திறந்தாள். பாலித்தீனால் சுற்றிய கோப்பை. எங்கள் வீட்டு யோகட் கோப்பை. அடியில் நான் திகதி பார்த்து வாங்கிய கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. உள்ளே கறுத்துப்போன கூழ். இப்படிப் பல கோப்பைகள், எல்லாம் வாய்வரை என்றாள். திரவம் வற்றி, விழுந்தவை அழுகி, அந்த நாற்றத்துக்கு இன்னும் வந்து விழுந்திருக்கின்றன. மூடி போட்டிருந்தால்கூட நின்றிருக்கும். டோர்ச் அடித்துத் தரையெல்லாம், வெடிப்பெல்லாம் தேடினாளாம். ஒன்றும் ஓடவில்லை. சித்திரைக்குப் பிறகு இன்னொரு தரம் போய்த் தேடினாள். அப்போதும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் டின்னை என்னிடம் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கூழில் ஒரு கரண்டி எடுத்து நீரில் அலசி, உன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். உடல் இல்லை, தலைகளும் சிறகு மூடிகளும் முன்கால்களும் மட்டும். ஆணுக்கு முன்காலின் கணு அகன்றிருக்கும், நீ காட்டித் தந்தது. அகன்ற கால்கள் இருந்தன. தலையில் மயிர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குழிகள் இருந்தன, பக்கத்துக்கு இரண்டு. அதே கொளுக்கி வண்டுதான். எத்தனை என்று எண்ணவில்லை. கணக்குப் பார்க்கிற நான் எண்ணாமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் நீ இடியப்பத்துக்குச் சொதி விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். நடந்ததை நீ வேறு மாதிரிச் சொல்லக் கூடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

“கோப்பையளை எப்ப எடுத்தனி?”

“நிலூஃபா எடுத்தவள்.”

“அதுக்கு முந்தி ஆர் எடுத்திருக்க வேணும்?”

“மறந்துபோச்சம்மா. கலியாண அலுவல் எவ்வளவு கிடக்கு.”

“மறந்தனியோ, சஷ்டியோ?”

“அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது. அவள் நச்சரிச்சுக்கொண்டே இருந்தவள். அம்மா எண்டு சொன்னா ஆரும் திருப்பிக் கேக்க மாட்டினம்.”

உன் அப்பா தொலைக்காட்சியில் இருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: “இஞ்சரும், பிள்ளை சாப்பிடேக்க பூச்சிக் கதை வேண்டாமே.”

“இதை எழுதுவியோ?” என்று கேட்டேன்.

“எழுதினா இனி ஒரு குகைக்கும் அனுமதி தரமாட்டாங்கள். ஜேர்மனியில ஆராய்ச்சிக்குக் கிடைச்ச இடமும் போயிடும். எழுதினாப்போல செத்ததுகள் எழும்பி வருமே?”

“வராது.”

“பிறகென்ன? இன்னொரு இடியப்பம் வையுங்கோ.”

வைத்தேன். சில நாட்கள் கழித்துத்தான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்து, “உங்கட பேரைத்தான் வைக்கப் போறன்” என்றாய். என் வாயை அடைக்க நீ கண்டுபிடித்த வழி அது. உன் மற்ற வேலைகளைப் போலவே அதுவும் கெட்டித்தனமாகத்தான் இருந்தது.

இப்போது எனக்குப் பழைய ஒன்று ஞாபகம் வருகிறது. உனக்கு எட்டு வயது இருக்கும். கண்ணாடிப் போத்தலில் மீன் வளர்த்தாய். நல்லூர்த் திருவிழாவுக்கு நாங்கள் யாழ்ப்பாணம் போனபோது அதைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாய். கொடுக்கவில்லை, பல்கனியில் வெயிலில் விட்டுவிட்டாய். திரும்பி வந்தபோது தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அன்ரி சாப்பாடு போடவில்லை என்று நீ எல்லோருக்கும் சொன்னாய். அந்த மனுசி, தனக்குப் போத்தலே தரப்படவில்லை என்று தெரிந்தும், உன் அழுகையைப் பார்த்து உனக்கு வேறு மீன் வாங்கித் தந்தார். நான் ஈர்க்கில் எடுத்து உன்னை அடித்தேன். இந்தக் காலத்துத் தாய்மார் அதற்காக மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அன்று தொடக்கம் உன்னைப் பற்றி யார் கேட்டாலும், “நல்ல பிள்ளை, கொஞ்சம் மறதி” என்றுதான் சொல்லிவந்தேன். மறக்கிறவனும் பொய் சொல்கிறவனும் மேலே பார்த்தால் ஒரே நிறம். இருவரும் சிரிப்பார்கள், இருவரும் அம்மாவின் தோளில் கை போடுவார்கள். மறந்தவன் தான் மறந்ததைக் கண்டதும் பதறுவான். நீ பதறவில்லை. நீ சாட்டு ஒன்றைத் தேடினாய். கையெட்டும் தூரத்தில் என் விரதம் இருந்தது. நான் பச்சைத் தண்ணீரோடு இருந்த ஆறு நாட்களை எடுத்து அந்தக் கோப்பைகளுக்கு மூடியாகப் போட்டாய். நீ கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். உன்னிடம் அது இல்லை. நீ வேலை முடிவதற்கு முன்பே எழும்பிப் போகிறவன், போகும்போது பழிக்கு யாரையாவது தன் கதிரையில் இருத்திவிட்டுப் போகிறவன். இன்னும் இறுகாத வண்டு என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் உனக்கு முப்பது தாண்டிவிட்டது. இதுதான் உன் நிறம்.

உங்கள் வேலையில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு வண்டுக்கு முன்பு ஒருவர் பிழையான பெயர் எழுதியிருந்தால் அந்தச் சீட்டைக் கிழிக்க மாட்டீர்கள். அதன் கீழே சரியான பெயரோடு இன்னொரு சீட்டைக் குத்துவீர்கள். இரண்டும் என்றைக்கும் அதே ஊசியில் இருக்கும். ‘மறதி’ என்று நான் எழுதிய சீட்டையும் நான் கிழிக்கவில்லை. அதன் கீழே இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு ஒரு சொல். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கலியாணத்தை நிறுத்து என்றும் சொல்லவில்லை. உயிருள்ள எதையும் இவன் பொறுப்பில் தனியாக விட்டுவிட்டுப் போகாதே. பூச்சாடியாக இருந்தாலும் சரி. இவன் உன்னிடம் அன்பாகத்தான் இருப்பான். அந்த மீன்களிடமும் அன்பாகத்தான் இருந்தான்.

நிலூஃபாவின் பெயர் கட்டுரையில் உன் பெயரோடு இருக்கிறது. அந்தப் பந்தி இல்லாமல் வெளியே போனால் தன் பெயரை எடுத்துவிடுவதாக அவள் என்னிடம் சொன்னாள். அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அவளுக்கும் ஒரு இடம் கிடைக்க வேண்டும். அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பதை நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய். ஜேர்மனி போகாவிட்டால் போகாமல் இரு. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும் சோறுதான் சாப்பிடுகிறார்கள். முன்பு நான் காலி வீதிக் கோயிலில் உன் வேலைக்காகக் கும்பிட்டேன். இப்போது அந்தக் குகையில், டோர்ச் வெளிச்சம் படாத ஏதாவது ஒரு வெடிப்புக்குள், ஒரு சோடியாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். உனக்கென்று தனியாக எதுவும் கேட்பதில்லை.

கலியாணத்துக்கு வருவேன். தாலிக்குப் பொன்னுருக்கு எங்கள் வீட்டில்தான் நடக்கும். பலகாரம் என் கையால்தான். உன் தலையில் பாலறுகு வைக்க முதல் ஆளாக நிற்பேன், அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் ஒரு குறையும் வர விடமாட்டேன். ஆனால் மண்டபத்துத் திரையில் என் பெயரோடு அந்த வண்டு வந்தால், நான் எழும்பி ஒலிவாங்கிக்குப் போவேன். அது எப்படிச் செத்தது என்று சபைக்கு விளக்கமாகச் சொல்வேன். கோப்பை, கருவாடு, கூழ் எல்லாவற்றையும் சொல்வேன். எனக்குச் சபைக் கூச்சம் இருந்தது, அது போய்விட்டது.

கலியாணத்தன்று காலை புறப்படுவதற்கு முன் நீ என் காலில் விழுவாய். எழும்பி வழக்கம் போல நெற்றியைக் காட்டுவாய். அதற்குள் அந்தப் பந்தியை எழுதி, அனுப்பி, என்னிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் பூசிவிடுவேன். காட்டாவிட்டால் திருநீற்றுத் தட்டு சாமி அறையிலேயே இருக்கும். நீ வெறும் நெற்றியோடு மணவறைக்குப் போ.

அம்மா